600 சதுர அடி அருகம்புல்

2019 கார்த்திகை மாதம், ஒரு காலை. வாசல் புல்தரையில் இரண்டு தவிட்டுக்குருவிகள் செத்துக் கிடந்தன. ஒன்றின் அலகில் ஈரமண் ஒட்டியிருந்தது. கூட்டத்தில் மீதிக் குருவிகள் சுற்றுச்சுவர் மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தன. பக்கத்தில் போயும் பறக்கவில்லை. முந்தைய நாள்தான் புல் பராமரிக்க வந்தவர் வேர்ப்புழுவுக்கென்று ஃபோரேட் என்ற பூச்சிக்கொல்லிக் குருணையைத் தரையெல்லாம் தூவி, தண்ணீர் விட்டுவிட்டுப் போயிருந்தார். அப்போது என் மகளுக்கு மூன்று வயது. அந்தத் தரையில்தான் செருப்பில்லாமல் ஓடுவாள்.

அந்தக் குருணை எப்பேர்ப்பட்ட விஷம் என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு நாட்டில் அதன் விற்பனைக்கே தடை வந்துவிட்டது. நான் குருவிகள் செத்த அன்றே நிறுத்திவிட்டேன். ஆனால் அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று தெரியாமல் சும்மா இருந்துவிட்டேன். ஒரே வருஷத்தில் கொரியன் புல் திட்டுத் திட்டாகக் காய்ந்து, கோரை ஏறி, தரை பார்க்கப் பொறுக்காமல் போனது. 2021 பிப்ரவரியில் மறுபடியும் ஆரம்பித்தேன். அதிலிருந்து இரண்டு வருஷம் என்ன செய்தேன், எது பலித்தது, எங்கே தப்பு செய்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

வீடு கோவையில், வடவள்ளிப் பக்கம். வாசலில் 600 சதுர அடி இடம், கிட்டத்தட்ட 56 சதுர மீட்டர். மேற்கு ஓரத்தில் ஒரு மாமரம். தண்ணீர் போர் தண்ணீர்தான். வாளியில் இரண்டு நாள் வைத்தால் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படியும்.

முதல் வேலையாகக் கடப்பாறையை எடுத்துக் குத்திப் பார்த்தேன். மூன்று அங்குலம் இறங்கி ‘ணங்’ என்று நின்றது. வீடு கட்டியபோது மிஞ்சின ஜல்லி, செங்கல் துண்டு, கெட்டிப்பட்ட சிமென்ட் எல்லாவற்றையும் அங்கேயே நிரவி, மேலே கொஞ்சம் செம்மண் போட்டு மூடியிருக்கிறார்கள். அதற்கு மேல்தான் புல் ஷீட்டை விரித்திருக்கிறார்கள். ஒரு சதுர அடி வெட்டி எடுத்து, சாக்கில் கொட்டி, விரலால் கிளறிப் பார்த்தேன். ஒரு மண்புழுகூடக் கண்ணில் படவில்லை.

மண் பரிசோதனைக்கும் கொடுத்தேன். தோட்டம் வைக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். அஞ்சாறு இடத்தில் ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாகச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட வேண்டும். அரைக் கிலோ மிஞ்சும் வரை இப்படியே செய்து, நிழலில் காயவைத்துக் கொடுக்கலாம். என் மண்ணில் கார அமில நிலை (pH) 8.3, அதாவது கார மண். அங்ககக் கரிமம், அதாவது மக்கிய இலை தழையிலிருந்து மண்ணில் சேரும் கரிமம், 0.3 சதவீதம். கரிமம் 0.5-க்குக் கீழே இருந்தாலே குறைவு என்பார்கள். இந்த மண்ணில் எத்தனை யூரியா கொட்டினாலும் ஒரு வாரம் பச்சை காட்டிவிட்டுப் புல் மறுபடி சோர்ந்ததில் ஆச்சரியமே இல்லை.

மார்ச் முழுக்கக் கல் பொறுக்கும் வேலை. எட்டு அங்குல ஆழத்துக்குக் கொத்தி, சல்லடையில் சலித்து, இரண்டு டெம்போ கட்டடக் கழிவை வெளியே அனுப்பினோம். அதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை. முதுகு வலித்தது, வேலை முடிந்தது.

பெரிய சண்டை கோரையோடுதான். மருந்துக் கடையில் கேட்டால் களைக்கொல்லியை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். அடித்தால் மேல் இலை கருகும், எனக்குத் தெரியும். அடியில் கிழங்கு பெரும்பாலும் தப்பித்துவிடும். களையெடுக்க வந்த அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார்: “இதையப் புடுங்குனாப் போவாதுங்க. அடியில முத்து கோத்தாப்புல கெழங்கு இருக்குது. அதையத் தோண்டோணும்.”

தோண்டிக் காட்டினார். ஒரு கோரைத் தாளை மெல்ல ஆட்டி, களைக்கொத்தால் சுற்றி மண்ணைத் தளர்த்தி, இழுத்தார். கம்பி மாதிரி மெல்லிய ஒரு வேர்த்தண்டு. அதில் விரல் நீளத்துக்கு ஒன்றாக, நார் போர்த்திய கறுப்புக் கிழங்குகள், கொண்டைக்கடலை அளவில். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை. நலங்கு மாவு வாசனை அப்படியே அடித்தது. நலங்கு மாவில் சேர்க்கிற கோரைக்கிழங்கு இதுதான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. முதல் சுற்றில் எடுத்த கிழங்கை ஒரு பையில் போட்டு அக்காவே கொண்டுபோனார், கழுவிக் காயவைத்து அரைத்துக்கொள்ள.

எல்லாக் கிழங்கையும் தோண்டி எடுக்க யாராலும் முடியாது. ஆகவே இரண்டாவது வழி: கிழங்கைச் சோர்வடைய வைப்பது. தரையைச் சமன்படுத்தி, புல் நடாமல், லேசாகத் தண்ணீர் விட்டேன். ஒரே வாரத்தில் ஊசி ஊசியாகக் கோரை முளைத்தது. பத்து நாளுக்கு ஒருமுறை முளைத்ததையெல்லாம் கிழங்கோடு கெல்லினோம், கிழங்கு வராத இடத்தில் தாளையாவது அறுத்தோம். முளைத்து மூன்று வாரம் தாண்டவிட்டால் அது புதுக்கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும். அதற்குள் வெட்டினால், ஒவ்வொரு முறையும் சேமிப்பைச் செலவழித்துத்தான் அது மறுபடி முளைக்க வேண்டும். ஏப்ரல் தொடங்கி ஜூன் நடு வரை ஏழு சுற்று. முதல் சுற்றில் தரையெல்லாம் பச்சையாக இருந்தது. ஏழாவது சுற்றில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வந்தது. பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடச் சொன்னவர்களும் உண்டு. ஒரு மூலையில் கறுப்பு ஷீட் விரித்துப் பார்த்தேன். கோரை முனை அதைக் குத்திக்கொண்டு வெளியே வந்து நின்றது.

என்ன புல் நடுவது என்பதில் எனக்கு அதிகக் குழப்பம் இல்லை. கொரியன் புல் கம்பளம் மாதிரி அழகுதான். ஆனால் மெதுவாக வளரும், ஒரு இடம் செத்தால் மூட மாதக்கணக்கில் ஆகும், அடியில் காய்ந்த தாள் மெத்தை மாதிரி சேரும். முழு வெயில், உப்புத் தண்ணீர், குழந்தை மிதிப்பது, இந்த மூன்றையும் தாங்கி, காயம் பட்ட இடத்தைத் தானே மூடிக்கொள்வது அருகம்புல். அன்னூர்ப் பக்கம் அப்பாவின் தோட்டத்து வரப்பில் எடுக்கப் போனபோது அவருக்குத் தாங்கவில்லை. “ஏங் கண்ணு, காட்டுல அருகு ஏறுனா ஒழிக்க மாட்டாம ஏரோட்டி ஏரோட்டி மாஞ்சு போனோம். நீ அதையக் கொண்டு போயி வாசல்ல நடறயா?” என்றார். கல்யாணத்தில் ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி’ என்று வாழ்த்துகிறவரும் அவர்தான். கடைசியில் கணு நெருக்கமாக, இலை மெலிசாக இருக்கிற கொடியை அவரே தேடிப் பிடித்துக் கொடுத்தார். வரப்பில் இரண்டு மூன்று ரகம் இருக்கும். இலை அகலமாக, கணு தள்ளித் தள்ளி இருப்பது வேண்டாம், தரை மூடாது.

கொண்டுவந்த கொடியைத் தொட்டித் தண்ணீரில் அலசி, மண் முழுக்கப் போன பிறகுதான் நட்டேன். அந்த மண்ணில் ஒரே ஒரு கோரைக்கிழங்கு வந்திருந்தாலும் மூன்று மாத வேலை வீண். நாலு கணு இருக்கும்படி கரணையாக நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு வெளியே. வரிசைக்கு வரிசையும், கரணைக்குக் கரணையும் 10 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 5,500-க்கு மேல் கரணை. நானும் அக்காவும் மூன்று நாள் நட்டோம். பலகை போட்டு மேலே ஏறி மிதித்து அமுக்கி, மூன்று வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். ஆகஸ்ட் கடைசியில் தரை மூடிவிட்டது.

செப்டம்பரில் அடி விழுந்தது.

தரையின் நடுவில் ஒரு தட்டு அகலத்துக்குப் புல் பழுத்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்தேன். நாலு நாளில் அது முறம் அளவானது. கைநிறையப் பிடித்து இழுத்தால், பாய் சுருட்டுவதுபோல் புல் வேரில்லாமல் கையோடு வந்தது. அடியில் வெள்ளைப் புழு. தலை பழுப்பு, உடம்பு பால் வெள்ளை, பின்பக்கம் தின்ற மண் கறுப்பாகத் தோல் வழியே தெரியும். தொட்டால் அரைவட்டமாகச் சுருண்டுகொண்டது. ஒரு சதுர அடியில் ஒன்பது எண்ணினேன்.

எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது என் தப்புதான் தெரிந்தது. கொத்திய மண்ணில் ஏப்ரலில் ஒரு டெம்போ சாணி எரு கலந்திருந்தேன். கை வைத்தால் உள்ளே சூடாக இருந்தது, வைக்கோல் வைக்கோலாகவே தெரிந்தது, சாணி நாற்றம் போகவில்லை. மக்காத எரு என்பதற்கு இந்த மூன்றுமே அடையாளம். ரசாயனம் இல்லாத எரு எதுவானாலும் நல்லதுதான் என்ற எண்ணத்தில் கொட்டிவிட்டேன். கோடைமழை விழுந்ததும் மண்ணுக்குள்ளிருந்து கிளம்புகிற வண்டுகள் இப்படி மக்காத எரு இருக்கிற மண்ணைத்தான் தேடி வந்து முட்டையிடும். மழைக்காலம் முழுக்கப் புழு வேரைத் தின்னும். மக்கிய எரு கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும். அதை மட்டும்தான் இப்போது வாங்குகிறேன், வாங்கும்போது கையை உள்ளே விட்டுப் பார்க்கிறேன்.

“ஒரே ஒரு தடவை மருந்து போட்ருங்க, அப்பறம் இயற்கைக்குப் போயிக்கலாம்” என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். எனக்கு அந்தக் குருவியின் அலகு கண்ணிலேயே நின்றது. முடியாது என்றேன்.

பழுத்த இடங்களைத் திறந்து கையால் பொறுக்கினோம். மூன்று நாளில் ஒரு சின்ன வாளி. பிறகு மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணப் பொடியை வாங்கி, ஈரமான மண்புழு உரத்தில் கலந்து, சாக்கு போட்டு ஒரு வாரம் நிழலில் வைத்து, மழை வரும்போலிருந்த ஒரு சாயங்காலம் தரை முழுக்கத் தூவினேன். இந்தப் பூஞ்சாணத்துக்கு ஈரம் வேண்டும், வெயில் ஆகாது. மத்தியானம் தூவினால் காசு போச்சு. கூடவே வேப்பம் புண்ணாக்கு, சதுர அடிக்கு 10 கிராம், மொத்தம் 6 கிலோ. புண்ணாக்கு புழுவை உடனே கொல்லும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதன் தழைச்சத்து மெதுவாக இறங்கிப் புல்லுக்குப் புது வேர் விட உதவுகிறது என்பதுதான் நான் கண்ட பலன்.

ஐந்து வாரம் கழித்து, நவம்பரில், ஒரு ஓரம் தோண்டினேன். ஒரு புழு கிடந்தது. உடம்பு விறைத்து, மேலெல்லாம் பாசிப்பச்சைப் பொடி பூத்திருந்தது. சுண்ணாம்புக் கட்டி போல உடைந்தது. மெட்டாரைசியம் பிடித்த புழு அப்படித்தான் ஆகும். அதை ஒரு காகிதத்தில் வைத்து வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த வருஷம் சதுர அடிக்கு இரண்டு புழு என்ற அளவுக்குக் குறைந்தது. அந்த அளவை அருகு தாங்கிக்கொள்ளும்.

புழுவை விட வண்டைப் பிடிப்பதுதான் சுலபம் என்பதை அடுத்த கோடையில் கற்றுக்கொண்டேன். முதல் நல்ல கோடைமழை பெய்த அன்று சாயங்காலம் ஏழு மணி வாக்கில் வண்டுகள் கூட்டமாக மண்ணிலிருந்து கிளம்பி, பக்கத்து வேப்பமரத்திலும் முருங்கையிலும் போய் மொய்க்கும். இலை தின்கிற சத்தம் தூறல் மாதிரி கேட்கும். கீழே பழைய வேட்டியை விரித்து, கிளையை ஒரு உலுக்கு உலுக்கினால் பொத்துப் பொத்தென்று விழும். சோப்புத் தண்ணீர் வாளியில் போட வேண்டியதுதான். 2022-இல் நாலு சாயங்காலம் பிடித்தோம். அடுத்த வீட்டுப் பெரியம்மாவும் அவர்கள் பேரனும் வாளியோடு வந்துவிட்டார்கள். வண்டு பறக்கும், சுவர் பார்க்காது. தெருவில் நாலு வீடு சேர்ந்து பிடித்தால்தான் முழுப் பலன்.

இடையில் 2022 ஜனவரியில் புல் மஞ்சளாகத் தொடங்கியது. இது வேறு மாதிரி: புது இலை மட்டும் வெளுத்தது, நரம்பு பச்சையாகவே இருந்தது. பழைய இலை நன்றாக இருந்தது. தழைச்சத்துக் குறைவென்றால் பழைய இலைதான் முதலில் வெளுக்கும். கார மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது, இது அந்தக் குறைதான். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), லிட்டருக்கு 5 கிராம், ஒரு எலுமிச்சம்பழச் சாறு சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலை நனையத் தெளித்தேன். பத்து நாளில் பச்சை திரும்பியது. அன்னபேதியும் ஒரு இரசாயனம்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். ஆமாம், இரசாயனம்தான். நான் விலக்குவது குருவியையும் மண்புழுவையும் கொல்கிறதை. அளவோடு தெளித்த அந்த இரும்பு உப்பில் எனக்குச் சங்கடம் இல்லை. ஒன்று மட்டும்: தெளிக்கும்போது நடைபாதை டைல்ஸை மூடுங்கள். எங்கள் வாசற்படி ஓரத்தில் விழுந்த துளிகள் துருக்கறையாக இன்றும் இருக்கின்றன.

தண்ணீர் விஷயத்தில் என் பழக்கம் முழுக்கத் தப்பாக இருந்தது. தினமும் சாயங்காலம் கால் மணி நேரம் ஓஸில் நனைப்பேன். மேல் மண் மட்டும் ஈரமாகும், வேரும் மேலேயே நிற்கும், ராத்திரி முழுக்க இலை ஈரமாக இருக்கும். ஒரு நாள் ஆறு எவர்சில்வர் டம்ளரை (வாய் அகலமும் அடி அகலமும் ஒன்றாக இருக்கிற டம்ளர்) தரையில் அங்கங்கே வைத்து, ஸ்பிரிங்க்ளரை 20 நிமிஷம் ஓட்டி, ஸ்கேலால் அளந்தேன். சராசரி 6 மில்லிமீட்டர். வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 80 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஓட வேண்டும். என் தரைக்கு அது 1,400 லிட்டர். அதை இரண்டு காலையாகப் பிரித்துவிட்டேன், ஏப்ரல் வெயிலில் மட்டும் மூன்று. நடுவில் விடுவதே இல்லை. இரண்டு மாதத்தில் நீள ஸ்க்ரூடிரைவரை அமுக்கினால் பிடி வரை இறங்கியது. ஆர்.ஓ. கழிவு நீரைப் புல்லுக்கு விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும், வேண்டாம்.

புல் வெட்ட ஆள் வைப்பதையும் நிறுத்தினேன். வாடகை மெஷினில் வந்தவர்கள் மண் தெரிகிற அளவுக்கு ஒட்ட வெட்டிவிட்டுப் போவார்கள். ஒரே வாரத்தில் அந்த இடைவெளியில் களை முளைக்கும். இப்போது தள்ளி ஓட்டுகிற சிலிண்டர் பிளேடு மெஷின், நாலு சென்டிமீட்டர் உயரம். எந்த வெட்டிலும் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. பருவமழைக் காலத்தில் வாரம் ஒருமுறை, மார்கழி தையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. வெட்டின துணுக்கைக் கூட்டி அள்ளுவதில்லை. அப்படியே உதிரவிட்டால் மண்ணுக்குள் போய்விடும். அதுவே பாதி உரம்போல வேலை செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பிளேடு மழுங்கினால் இலை நுனி நாராகக் கிழிந்து வெளுக்கும், அப்போது சாணை பிடிக்கக் கொடுத்துவிட வேண்டும்.

ஆடிக்கு முன்னால் ஒன்று, தைக்குப் பின் ஒன்று என வருஷத்துக்கு இரண்டு முறை மேலுரம். நாலு பல் உள்ள தோட்டக் கருவியை ஒரு சாண் இடைவெளியில் மிதித்து இறக்கி ஆட்டி எடுத்து, ஓட்டை போட்ட பிறகு மண்புழு உரமும் கழுவிய மணலும் சரிபாதி கலந்து, கால் அங்குலக் கனத்தில் தூவி, தென்னந்துடைப்பத்தால் ஓட்டைக்குள் கூட்டிவிடுவேன். 12 கன அடிக் கலவை போதும். ஜீவாமிர்தமும் மாதம் ஒருமுறை விடுகிறேன்: 20 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ நாட்டுமாட்டுச் சாணி, ஒரு லிட்டர் கோமியம், 200 கிராம் வெல்லம், 200 கிராம் பயறு மாவு, ஒரு கைப்பிடி மண், இரண்டு நாள் ஊறல். ஏக்கருக்கு 200 லிட்டர் என்ற கணக்கில் பார்த்தால் எனக்கு மூன்று லிட்டர்கூடத் தேவையில்லை, மீதி மாமரத்துக்கும் செடிகளுக்கும் போகிறது. அதை உரமாக நம்பி மேலுரத்தை நிறுத்தினால் புல் இளைத்துவிடும். ஒரு தடவை நிறுத்திப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

2022 ஐப்பசியில் விடாத மழை. தரையில் வட்ட வட்டமாகப் பழுப்பு விழுந்தது, விளிம்பில் இலை அழுகி வழுக்கியது. காய்ந்த தாளை வாரி எடுத்து, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியை லிட்டருக்கு 10 கிராம் கலந்து இரண்டு முறை ஊற்றினேன். மூன்று வாரத்தில் மூடிக்கொண்டது. மழையும் அதே சமயம் நின்றதால் இரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல மாட்டேன்.

அந்த மழைக்குப் பிறகுதான் கொண்டலாத்தி வரத் தொடங்கியது. விசிறிக் கொண்டையை மடக்கிக்கொண்டு, வளைந்த அலகைப் புல்லுக்குள் குத்திக் குத்தி நடக்கும். ஒரு இடத்தில் நின்று, அலகு முழுக்க இறக்கி, ஒரு வெள்ளைப் புழுவை இழுத்து, தரையில் இரண்டு தட்டு தட்டி விழுங்கியதை ஜன்னல் வழியாக நானும் மகளும் மூச்சுவிடாமல் பார்த்தோம். தவிட்டுக்குருவிக் கூட்டமும் காலையில் வந்து காய்ந்த இலையைப் புரட்டுகிறது. 2023 பிப்ரவரியில் பழைய இடத்திலேயே மறுபடி ஒரு சதுர அடி வெட்டிச் சாக்கில் கொட்டினேன்: 14 மண்புழு. மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம் 0.6-க்கு ஏறியிருந்தது. கார அமில நிலை 8.1. அது அவ்வளவு லேசில் இறங்காது, தண்ணீரே அப்படி.

தோற்ற இடமும் ஒன்று உண்டு. மாமர நிழலில் சுமார் 60 சதுர அடிக்கு அருகு பிடிக்கவே இல்லை. ஆறு மணி நேர வெயிலாவது இல்லாத இடத்தில் அது நூலாக நீண்டு வெளுத்துச் சாகிறது. மூன்று முறை நட்டேன், மூன்று முறையும் போனது. இப்போது அங்கே மாவிலையையே நாலு அங்குலம் பரப்பிவைத்திருக்கிறேன். கிளையைக் கொஞ்சம் கவாத்து செய்தால் வெயில் இறங்கும்தான். ஆனால் மரத்தில் பிஞ்சு பிடித்திருக்கிறது. காய் பறித்து முடியட்டும் என்று காத்திருக்கிறேன்.